ஒரே டிரெய்லர், இரண்டு வாக்கு: மென்பொருள் ஏஜெண்ட்களைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பது எப்படி?

போன மாதம் ஒரு மதியம் எங்கள் திரையில் ஒரே டிரெய்லர் இரண்டு இடத்தில் இருந்தது. மணலியிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு நாற்பதடி கன்டெய்னர், அதே நேரத்துக்குக் காட்டுப்பள்ளிக்கு இன்னொன்று. ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே. இரண்டு லோடையும் அந்த ஒரே வண்டி ஒப்புக்கொண்டதாக மென்பொருள் பச்சை காட்டியது. திருவொற்றியூர் அலுவலகத்தில் வண்டி அனுப்பும் மேனேஜர் அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா தம்பி, உன் வண்டிக்கு ரெண்டு இன்ஜினா?"

தப்பு வண்டியுடையது இல்லை, டிரைவருடையதும் இல்லை. ஒவ்வொரு டிரெய்லருக்கும் நாங்கள் ஒரு மென்பொருள் ஏஜெண்ட் எழுதியிருந்தோம். வண்டி எங்கே நிற்கிறது, டீசல் எவ்வளவு, டிரைவர் எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். வேலை வந்தால் இவ்வளவுக்குப் போகிறேன் என்று ஏலத்தில் விலை சொல்லிக் கேட்கும், கிடைத்தால் எடுக்கும். அன்று ஒரே நிமிடத்தில் இரண்டு வேலை வந்தது. இரண்டுக்கும் கேட்டது, இரண்டும் கிடைத்தது. நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியேதான் நடந்துகொண்டது.

எங்கள் பக்கத்தில் ஏஜெண்ட் என்றாலே கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜெண்ட்தான் நினைவுக்கு வருவார். மென்பொருள் ஏஜெண்ட்டும் கிட்டத்தட்ட அதே ஜாதகம். தன் பொறுப்பில் ஒரு வேலை, அதில் தானே முடிவெடுக்கும் உரிமை, ஆனால் நாலு பேரிடம் பேசாமல் எதுவும் நகராது. அந்த நாலு பேரும் எப்படிப் பேசிக்கொள்வது என்பதற்குப் பல வழிகள் இருக்கின்றன. அந்த மதியத்துக்குப் பிறகு ஒவ்வொன்றையும் எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். வேகம், செலவு என்று ஒப்பிடுபவர்கள் நிறைய. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் வேறு: வருகிறேன் என்று சொன்ன ஏஜெண்ட் வராமல் போனால், எர்ணாவூர் மேம்பாலம் தாண்டியதும் பேச்சுமூச்சு இல்லாமல் போனால், அந்த ஏற்பாட்டில் யாருக்கு, எப்போது தெரியும்?

மேஸ்திரி

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இது. நடுவில் ஒரு தலைமை ஏஜெண்ட் வேலையைத் துண்டு போடும், ஆளுக்கு ஒன்று கொடுக்கும், திரும்பி வந்ததைச் சேர்த்து முடிக்கும். கட்டடவேலையில் மேஸ்திரி செய்வதுதான். இப்போது சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடியில் இருக்கும் பெரிய மொழி மாதிரிகளை வைத்துக் கட்டப்படும் ஏஜெண்ட் கூட்டங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. முடிவு ஒரே இடத்தில் எடுக்கப்படுவதால் இரட்டை வாக்கு வராது. ஒரே வண்டியைச் சென்னைத் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் அனுப்பும் மேஸ்திரி இருந்தால் அவரை மாற்றிவிடலாம், அவ்வளவுதான். என்ன நடந்தது என்று பின்னால் தேடுவதும் எளிது, ஒரே நோட்டைப் புரட்டினால் போதும். ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே நடக்க வேண்டிய வேலைக்கு, உதாரணமாக கஸ்டம்ஸ் அனுமதி, சீல், கேட் பாஸ் என்று வரிசை மாறாமல் போகவேண்டிய காகித வேலைக்கு, இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

சிக்கல், மேஸ்திரிக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது. நாற்பது வண்டியின் டயர் நிலைமை, டிரைவரின் தூக்கம், சாத்தாங்காடு பக்கம் ஒரு வண்டி பிரேக் டவுன் ஆகி நிற்பது எல்லாம் நடுவில் வந்து சேர வேண்டும். வந்து சேர்வதற்குள் பழசாகிவிடும். மொழி மாதிரி ஏஜெண்ட்களில் இதற்குப் பணச்செலவும் இருக்கிறது. தலைமை ஏஜெண்ட் ஒன்று, அதன் கீழே பல துணை ஏஜெண்ட்கள் என்று கட்டிய தன் ஆராய்ச்சி அமைப்பைப் பற்றி ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2025 ஜூனில் எழுதியபோது, சாதாரண உரையாடலைவிட அதற்குச் சுமார் 15 மடங்கு டோக்கன் (மாதிரி படித்து எழுதும் சொல் துண்டு, கட்டணம் இதை வைத்துத்தான்) செலவாகிறது என்று சொன்னது. நல்ல விடை கிடைத்தால் கொடுக்கலாம். ஒரு டிரிப்புக்கு வண்டி பிடிக்க அவ்வளவு கொடுத்தால் முதலாளி என்னைத்தான் பிடிப்பார்.

சத்தமில்லாமல் போகும் ஏஜெண்ட்? மேஸ்திரி காத்திருப்பார். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லி வைத்திருந்தால் பிழைத்தீர்கள். மேஸ்திரியே மயங்கி விழுந்தால் மொத்த சைட்டும் நின்றுவிடும்.

ஏலம்

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வழியை விளக்கத் தேவையே இல்லை. கூடை தரையில் வைக்கப்படுகிறது, சுற்றி வியாபாரிகள், ஏலம் விடுபவர் விலையைச் சொல்லிக்கொண்டே போகிறார். கூடையில் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். யாருக்கு எவ்வளவு தேவை, யாருடைய ஓட்டலில் இன்று விருந்து, யாரிடம் ஐஸ் இருக்கிறது என்பது அவரவருக்கு மட்டுமே தெரியும். ஏலம் விடுபவர் அதைக் கேட்பதும் இல்லை. விலையாகச் சொன்னால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், சின்னப் படகு மீன் மட்டும்தான் வரும். அப்போதும் ஏலத்தின் விதியை யாரும் திருத்தி எழுதுவதில்லை. விலை தானாக மாறிக்கொள்கிறது.

இதைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தவர் ரீட் ஸ்மித். 1980-ல் அவர் எழுதிய கான்ட்ராக்ட் நெட் கட்டுரைதான் இந்தத் துறையில் இன்றுவரை திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், பரப்பளவில் சிதறிக் கிடக்கும் உணர்கருவிகள் சேர்ந்து வண்டிப் போக்குவரத்தைக் கண்காணிப்பது. வேலை வைத்திருக்கும் ஏஜெண்ட் அறிவிப்பு போடும். அந்த அறிவிப்பில் நாலு விஷயம்: யார் கேட்கலாம், வேலை என்ன, கேட்கும்போது என்னென்ன விவரம் தர வேண்டும், எந்த நேரத்துக்குள் கேட்க வேண்டும். முடிகிறவர்கள் கேட்பார்கள், ஒருவருக்கு வேலை போகும். நேற்று வேலை கொடுத்தவர் இன்று வேலை கேட்பவராகவும் இருக்கலாம், நிரந்தர மேஸ்திரி கிடையாது.

செய்திக் கணக்கு போட்டுப் பார்த்தேன். நாற்பது வண்டிக்கு நாற்பது அறிவிப்பு, அதிகபட்சம் நாற்பது பதில், ஒருவருக்கு "உனக்குத்தான்", மற்ற முப்பத்தொன்பது பேருக்கு "உனக்கில்லை". மொத்தம் 120. அதுவே எல்லா வண்டியும் எல்லா வண்டியோடும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டால் 780 ஜோடி. ஏலம் மலிவுதான்.

அப்புறம் ஏன் எங்கள் டிரெய்லர் இரண்டாகப் பிரிந்தது? ஏலம் கேட்பதற்கும் வாக்குக் கொடுப்பதற்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, அதில்தான். முதல் ஏலத்தின் முடிவு வருவதற்குள் வண்டி இரண்டாவதிலும் கையைத் தூக்கியது. ஒன்று கேட்டு முடிவு தெரியும்வரை இன்னொன்றைக் கேட்காதே என்று பூட்டுப் போடலாம். ஆனால் அப்படிப் பூட்டிக்கொண்ட வண்டி, கிடைக்காத வேலைக்காகக் காத்திருந்து கிடைக்கக்கூடிய வேலையை விட்டுவிடும். நாங்கள் முதலில் கெடு பத்து நிமிடம் வைத்திருந்தோம். பத்து நிமிடம் என்பது மாதவரத்தில் காத்திருக்கும் வண்டிக்கு ரொம்ப நீளம்.

இன்னொரு வழி, வாக்கை முறிக்கலாம், ஆனால் அபராதம் கட்ட வேண்டும் என்பது. 1990களில் டூமாஸ் சாண்ட்ஹோம், விக்டர் லெஸ்ஸர் என்ற இரண்டு கணினி ஆராய்ச்சியாளர்கள் இதை முறையாகக் கணக்குப் போட்டார்கள். கொடுத்த வாக்கை இரும்புச் சங்கிலியாக வைத்தால் நல்ல வாய்ப்பு வரும்போது யாரும் நகர முடியாது, வெறும் காற்றாக வைத்தால் யாரையும் நம்ப முடியாது, எனவே முறிப்பதற்கு ஒரு விலை. கல்யாண மண்டபம் புக் செய்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.

பொய் விலை சொல்வது தனிக் கதை. வில்லியம் விக்ரி 1961-ல் காட்டிய வழி அழகானது: மூடிய உறையில் கேளுங்கள், ஜெயித்தவருக்கு அடுத்தவர் சொன்ன விலை. எங்கள் கணக்கில் இது தலைகீழ், ஏனென்றால் குறைவாகக் கேட்பவருக்குத்தான் வேலை. பேச்சுக்கு, மூன்று வண்டிகள் 6,200, 6,500, 7,000 என்று கேட்டால், 6,200 கேட்ட வண்டிக்கு வேலை போகும், ஆனால் அதற்குக் கிடைப்பது 6,500. தன் உண்மையான அடக்கத்தைச் சொல்வதைவிட லாபமான தந்திரம் எதுவும் அந்த ஏஜெண்ட்டுக்கு இல்லை. ஏற்றிச் சொன்னால் வேலை போய்விடலாம், இறக்கிச் சொன்னால் நஷ்டத்துக்கு ஓட வேண்டி வரலாம். விக்ரிக்கு 1996-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அறிவித்த மூன்றாவது நாள் இறந்துபோனார்.

மூன்று வண்டியும் ஒரே முதலாளியுடையது என்றால் இந்த அழகெல்லாம் ஓட்டை விழும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பலகை

அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. தெரிந்ததை எழுதிவிட்டுப் போகலாம், வேறொருவர் பார்த்து, தனக்குத் தெரிந்ததைச் சேர்ப்பார். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, எல்லோரும் பலகையோடு மட்டும்தான் பேசுகிறார்கள். இதைக் கரும்பலகை முறை என்பார்கள்.

இதில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. 1970களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேச்சைப் புரிந்துகொள்ள ஹியர்சே-2 என்ற அமைப்பைக் கட்டினார்கள். ஒலியைப் பார்ப்பது ஒரு பகுதி, அசையைப் பார்ப்பது ஒன்று, சொல், வாக்கியம் என்று வேறுவேறு பகுதிகள். எல்லாம் பொதுப் பலகையில் தங்கள் ஊகத்தை எழுதும். சுமார் ஆயிரம் சொற்கள் வரை தொடர் பேச்சை அது கையாண்டது. அந்தக் குழுவில் இருந்த ராஜ் ரெட்டி, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து 1958-ல் வெளியேறியவர், 1994-ல் கணினித் துறையின் உயரிய டியூரிங் விருது பெற்றவர். மேலே அபராதம் பேசிய விக்டர் லெஸ்ஸரும் அதே குழுதான்.

பலகையின் நல்ல குணம், அரைகுறைத் தகவலையும் அது ஏற்கும். "கேட்டில் கூட்டம் போலிருக்கு" என்பதை ஏலத்தில் விலையாகச் சொல்ல முடியாது, பலகையில் எழுதலாம். கெட்ட குணம் எங்கள் டிரைவர்களின் வாட்ஸாப் குழுவைப் பார்த்தாலே தெரியும். அதுவும் பலகைதான். துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் வரிசை எதுவரை நிற்கிறது என்று காலை ஆறு மணிக்கு ஒருவர் போட்ட போட்டோவை ஒன்பது மணிக்குப் பார்த்துவிட்டு மாதவரத்திலேயே வண்டியை நிறுத்தியவர் உண்டு. நடுவில் நாற்பது குட்மார்னிங் பூக்கள். எதை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்க ஹியர்சே-2-வில் தனியாக ஒரு பகுதி வைத்திருந்தார்கள். ஆக, பலகைக்குப் பின்னாலும் ஒரு மேஸ்திரி ஒளிந்திருக்கிறார்.

பலகையில் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அதனால் வராமல் போனவர் யார் என்று பலகையைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

மரக்கிளை

மழைநாளில் தண்டையார்பேட்டைத் தெருவில் மூடி இல்லாத பாதாளச் சாக்கடையில் யாரோ ஒரு மரக்கிளையைச் செருகி வைத்திருப்பார். அவர் போய்விட்டார். பின்னால் வருபவர் கிளையைப் பார்த்து வண்டியை ஒடிக்கிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் ஒத்துழைத்துவிட்டார்கள். கறையான்கள் புற்றுக் கட்டுவதை வைத்து பிரெஞ்சு விலங்கியலாளர் பியேர்-போல் கிராசே 1959-ல் இதற்கு ஸ்டிக்மெர்ஜி என்று பெயர் வைத்தார். எறும்புகள் வாசனைத்தடம் விட்டுக் குறுக்குவழி கண்டுபிடிப்பதைப் பார்த்து மார்கோ டோரிகோ 1992-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் கணினி முறையாக்கினார்.

ரொம்ப மலிவு, யார் காணாமல் போனாலும் நிற்காது. ஆனால் குழியை மூடிய பிறகும் கிளை ஒரு வாரம் நிற்கும், வண்டிகளும் ஒரு வாரம் ஒடித்துக்கொண்டே போகும். எறும்பின் வாசனை காற்றில் கரைவது அதனால்தான் முக்கியம். டோரிகோவின் கணக்கிலும் தடம் மெல்ல மெல்ல ஆவியாகும்.

ஆவியாகாத தடம் என்ன செய்யும் என்பதற்கு 2011 ஏப்ரலில் அமேசானில் ஒரு கூத்து நடந்தது. ஈக்களின் வளர்ச்சி பற்றிய ஒரு உயிரியல் புத்தகத்தை இரண்டு கடைக்காரர்கள் விற்றார்கள், இருவருக்கும் விலை வைப்பது நிரல். ஒரு நிரல் மற்றவர் விலையை 0.9983-ஆல் பெருக்கியது, இன்னொன்று 1.270589-ஆல். இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை, ஒன்று விட்ட விலையை மற்றது பார்த்தது, அவ்வளவே. ஒரு சுற்றுக்கு விலை சுமார் 1.27 மடங்கு. கடைக்காரர்கள் கவனிப்பதற்குள் புத்தகம் 2.3 கோடி டாலரைத் தாண்டியது. தபால் செலவு தனி.

எந்த மொழியில் பேசுவது

மேலே சொன்னது யார் யாரோடு பேசுவது என்பது. என்ன வார்த்தையில் பேசுவது என்பதில் பழைய கட்சி, புதிய கட்சி என்று இரண்டு இருக்கிறது.

பழைய கட்சி, ஏஜெண்ட்களுக்குப் பொதுத் தரம் வகுக்க 1996-ல் தொடங்கிய ஃபிபா அமைப்பு. தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் சொன்ன ஒரு கருத்திலிருந்து அவர்கள் புறப்பட்டார்கள்: சில சொற்கள் செய்தி சொல்வதில்லை, காரியமே செய்கின்றன. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று ஏலத்தில் சொல்லி முடித்ததும் பொருள் கைமாறிவிடுகிறது, அந்த மாதிரி. தெரிவி, வேண்டு, விலை கேள், ஏற்றுக்கொள், மறு என்று 22 செயல்களை வரையறுத்தார்கள். கான்ட்ராக்ட் நெட் ஏலத்துக்கான முழு உரையாடலும் அதில் தயாராகவே இருந்தது.

ஆனால் அந்தச் செயல்களுக்கு அவர்கள் கொடுத்த பொருள், பேசும் ஏஜெண்ட்டின் நம்பிக்கையையும் நோக்கத்தையும் வைத்தது. "தெரிவி" என்றால், அந்த ஏஜெண்ட் தான் சொல்வதை நம்புகிறது என்று அர்த்தம். நம்புகிறதா என்று யார் உள்ளே புகுந்து பார்ப்பது? கணினி ஆராய்ச்சியாளர் முனீந்தர் சிங் 1998-ல் இதைத்தான் கேட்டார். ஏஜெண்ட்டின் மனசு நமக்கு எதற்கு, வெளியே யார் யாருக்கு என்ன கடமைப்பட்டார் என்பதை வைத்துப் பொருள் சொல்லுங்கள் என்றார். காசிமேட்டில் ஏலம் எடுத்தவர் பெயரும் தொகையும் நோட்டில் ஏறுகிறது. எடுத்தவர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்பதற்கு அந்த நோட்டில் பத்தி கிடையாது.

புதிய கட்சியில் இரண்டு பெயர் அடிக்கடி குழப்பப்படுகிறது. இரண்டுமே பேச்சு விதித் தொகுப்புகள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி., ஏஜெண்ட் தன் கருவிகளோடும் தகவல் கிடங்குகளோடும் பேசுவதற்கு. 2025 ஏப்ரலில் கூகுள் அறிவித்து, சில மாதங்களில் லினக்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த ஏ2ஏ, ஏஜெண்ட் இன்னொரு ஏஜெண்ட்டோடு பேசுவதற்கு. டிரைவருக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள உறவு முதலாவது, டிரைவருக்கும் டிரைவருக்கும் உள்ளது இரண்டாவது. ஏ2ஏ-வில் ஒவ்வொரு ஏஜெண்ட்டும் தனக்கு என்ன தெரியும் என்று ஒரு அட்டையை வெளியில் மாட்டி வைக்கும். வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை: வந்து சேர்ந்தது, நடக்கிறது, இன்னும் விவரம் வேண்டும், முடிந்தது, தோற்றது, மறுக்கப்பட்டது.

மனசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வேலையின் நிலை மட்டும்தான். முனீந்தர் சிங் கேட்டதற்குப் பாதி தூரம் வந்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதி, அதாவது ஏலமும் கெடுவும் அபராதமும், ஏ2ஏ-வோடு வருவதில்லை. நாமே எழுத வேண்டும். இதில் பழைய ஃபிபாக்காரர்கள் முன்னால் இருந்தார்கள், இன்று கட்டுபவர்களில் பலர் அந்தக் காகிதங்களைப் புரட்டியே பார்த்ததில்லை.

நாங்கள் எடுத்தது

காகித வேலைக்கு மேஸ்திரி, அதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. வண்டி பிடிக்க ஏலம்தான். வண்டியின் நிலைமை வண்டிக்குத்தான் தெரியும், அதை நடுவில் இழுத்துக் குவிக்கும் ஆசையை விட்டுவிட்டேன். கெடு பத்து நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடமாக இறங்கியது. கேட்ட நேரத்திலிருந்து முடிவு வரும்வரை வண்டி பூட்டிக்கொள்ளும். வேலை எடுத்த பிறகு நாலு நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், இரண்டு முறை தவறினால் ஏலம் மறுபடி திறக்கும். கேட் நிலவரத்துக்குப் பலகை வைத்தோம், ஆனால் எழுதியது முக்கால் மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும். மரக்கிளையை எடுத்துக்கொள்ளவில்லை, அதன் ஆவியாகும் குணத்தை மட்டும் பலகைக்குக் கடன் வாங்கினோம்.

இரண்டு வாரம் முன்பு எர்ணாவூர் தாண்டியதும் ஒரு வண்டி சத்தமில்லாமல் போனது. எட்டாவது நிமிடம் ஏலம் திறந்து, எண்ணூர் பக்கம் நின்ற வேறு வண்டிக்கு வேலை போனது. பழைய வண்டியின் டிரைவர் கால் மணி கழித்து போன் செய்தார். "சார்ஜ் பூட்ச்சிண்ணே, வண்டி ஓடினுதான் இருந்துச்சு. என் லோடை ஏன் புடுங்கினீங்க?" மேனேஜர் அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த டிரைவருக்கு அபராதம் உண்டா இல்லையா என்பதை நிரலில் எழுதாமல் அண்ணன் கையில் விட்டிருந்தோம். அவர் போடவில்லை. காலியாக ஓடியதற்கு டீசல் காசையும் கொடுக்கச் சொன்னார்.

மிச்சம் இருப்பது அந்த மூன்று வண்டி முதலாளி. "என் மூணு ஏஜெண்டும் முதல்ல தங்களுக்குள்ள பேசிக்கட்டும் தம்பி, அப்புறம் ஏலத்துக்கு வரட்டும், இதுல இன்னா தப்பு?" என்று கேட்கிறார். பேசிக்கொண்டால் ஒரு வண்டி 6,200 கேட்கும், மற்ற இரண்டும் 9,000 கேட்கும், விக்ரி கணக்குப்படி நாங்கள் 9,000 கொடுப்போம். மூன்று வண்டிக்கும் சேர்த்து ஒரே ஏஜெண்ட், ஒரே விலை என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து பேசுகிறேன் என்றிருக்கிறார்.